1972 ஷெவெல் மலிபு: முதல்ல சஸ்பென்ஷனா, இன்ஜினா?

டெட்ராய்ட்_கதிர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷ ஆசை, ஒருவழியா 1972 ஷெவெல் மலிபு வாங்கிட்டேன். ரெண்டு டோர் கூப், 350 க்யூபிக் இன்ச் வி8 இன்ஜின், டூ-பேரல் (ரெண்டு வாய்) கார்பரேட்டர், டிஹெச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பவர் ஸ்டியரிங் இருக்கு, ஆனா நாலு வீல்லயும் டிரம் பிரேக். ஒரு பெரியவர் கராஜ்லயே வச்சிருந்த வண்டி, பெயின்ட் சுமார், உள்ள சீட்டெல்லாம் நல்லா இருக்கு. நான் இருக்கிறது மிச்சிகன்ல நோவை பக்கம். வீக்கெண்ட்ல குடும்பத்தோட ஒரு ரவுண்டு போகணும், ஆகஸ்ட்ல இங்க நடக்கிற உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்ங்கற பழைய வண்டி ஊர்வலத்துக்கு கொண்டு போகணும், இதுதான் ஆசை. டிராக் ரேஸ் எல்லாம் எண்ணமே இல்ல.

பிரச்சனை என்னன்னா, 60 மைல் தாண்டினா வண்டி மிதக்குது, ஸ்டியரிங்க நடுவுல ரெண்டு விரல் அளவு திருப்பினாலும் ஒண்ணும் நடக்கல, பிரேக் மிதிச்சா இடது பக்கம் இழுக்குது. இன்ஜின் சத்தம் கேட்டா மனசு நிறைஞ்சிடும், ஆனா ஃப்ரீவே ராம்ப்ல ஏறி சேர்றதுக்குள்ள பின்னாடி ட்ரக் வந்து நிக்குது. 165 ஹார்ஸ்பவர்னு போட்டிருக்கு, 1970ல இதே 350 டூ-பேரலுக்கு 250ன்னு போட்டிருக்கான், ரெண்டு வருஷத்துல எப்படி 85 குறைஞ்சுதுன்னு புரியல.

கையில இந்த வருஷத்துக்கு 7,000 டாலர் இருக்கு. தெரிஞ்சவங்க பாதி பேர் ஹெட், கேம், இன்டேக் எல்லாம் மாத்து வண்டிக்கு உயிர் வரும்ங்கறாங்க, மீதி பேர் சஸ்பென்ஷன தொடாம இன்ஜின தொடாதேங்கறாங்க. உண்மைய சொன்னா என் மனசு இன்ஜின் பக்கம்தான் போகுது. எதுல ஆரம்பிக்கிறது, எந்த வரிசைல போறது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

செல்வி_சேஸிஸ்:

வாழ்த்துகள் கதிர், நல்ல வண்டி. நீங்க எழுதினதுல நாலு குறை இருக்கு, அதுல மூணு வண்டி போறதையும் நிக்கிறதையும் பத்தினது, ஒண்ணுதான் இன்ஜின் பத்தினது, அதனால வரிசைய உங்க வண்டியே சொல்லிடுச்சு. 3,500 பவுண்டு கிட்ட இருக்கிற வண்டி, நாலு டிரம், ஒரு பக்கம் இழுக்குது, பின்னாடி சீட்ல குடும்பம். இதுல 100 குதிரை கூட சேர்த்தா நீங்க ராம்ப்ல சீக்கிரம் ஏறுவீங்க, அடுத்த சிக்னல்ல நிக்க முடியாது. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

ஆனா சஸ்பென்ஷன்னு சொன்ன உடனே கேட்டலாக்க தொறந்து ட்யூபுலர் ஆர்ம், காயில்ஓவர்னு ஆர்டர் போடாதீங்க. அப்கிரேட் வேற, தேஞ்சத மாத்துறது வேற. உங்க வண்டி இப்ப மிதக்கிறது டிசைன்னால இல்ல, பெரும்பாலும் தேய்மானத்தால.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணுங்க. வண்டி தரைலயே நிக்கட்டும், பார்க்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து வீலுக்கு கட்டை வச்சிட்டு, வீட்ல ஒருத்தர இன்ஜின் ஓடவிட்டு ஸ்டியரிங்க இடதும் வலதுமா கொஞ்சம் கொஞ்சமா ஆட்ட சொல்லுங்க, நீங்க கைய உள்ள விடாம பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு பாருங்க. காலமும் ஸ்டியரிங் பாக்ஸும் சேர்ற இடத்துல ராக் ஜாயின்ட்னு ஒரு ரப்பர் வட்டு இருக்கும், அங்க ஆரம்பிச்சு பாக்ஸ், பிட்மன் ஆர்ம், சென்டர் லிங்க், ஐட்லர் ஆர்ம், டை ராட் எண்ட்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போனா அசைவு எங்க தொலையுதுன்னு கண்ணுக்கே தெரியும். நிறைய பேர் இத பாக்காம பாக்ஸ் மேல இருக்கிற அட்ஜஸ்ட் ஸ்க்ரூவ இறுக்கிடுவாங்க, அப்படி இறுக்கினா உள்ள கியர் தேயும், ஸ்டியரிங் தானா நடுவுக்கு திரும்பி வராது, ஆட்டம் மட்டும் வேற இடத்துல அப்படியே இருக்கும்.

அடுத்து பால் ஜாயின்ட், அதாவது ஆர்மையும் வீலையும் சேக்கிற உருண்டை மூட்டு. இந்த வண்டில ஸ்ப்ரிங் லோயர் ஆர்ம் மேல உக்காந்திருக்கு, அதனால ஜாக்கிய ஃப்ரேம்ல வச்சு தூக்கினா லோயர் பால் ஜாயின்ட்ல ஸ்ப்ரிங் அழுத்தம் இருந்துக்கிட்டே இருக்கும், ஆட்டம் தெரியாது. லோயர் ஆர்முக்கு கீழ ஜாக்கி வச்சு தூக்கி வீல ஆட்டி பாக்கணும். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ்ஷிங், அதாவது ஆர்ம் ஃப்ரேமோட சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர். அந்த ரப்பர் காஞ்சு வெடிச்சிருந்தா பிரேக் பிடிக்கிறப்ப ஆர்ம் பின்னாடி நகரும், டோ (முன் வீல் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு) மாறும், உங்க இடது பக்க இழுப்புக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இன்னொரு காரணம் வலது பக்க வீல் சிலிண்டர் கசியறது, இல்லன்னா ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ள ஊதி அடைச்சிருக்கிறது. ஹோஸ் வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், நம்பாதீங்க.

டயர்ல டாட்னு ஆரம்பிக்கிற நம்பரோட கடைசி நாலு இலக்கத்த பாருங்க. 2311ன்னு இருந்தா 2011ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ட்ரெட் எவ்ளோ இருந்தாலும் அவ்ளோ பழசு டயர்ல குடும்பத்த ஏத்தாதீங்க.

---

கொங்கு_கார்பரேட்டர்:

கதிர், நான் டெக்சாஸ்ல இருந்து எழுதறேனுங்க. செல்வி அக்கா சொன்னதுல பிரேக் விஷயத்துல நானும் அதே கட்சிதான். ஆனா சஸ்பென்ஷன் முடியற வரைக்கும் இன்ஜின தொடவே கூடாதுங்கறத மட்டும் ஒத்துக்க மாட்டேன். பார்ட்ஸ் போடறது ஒண்ணு, இருக்கிற இன்ஜின ஒழுங்கா ஓட வைக்கிறது ஒண்ணு. ரெண்டாவதுக்கு காசே வேண்டாமுங்க, அதனால அது சஸ்பென்ஷனோட சேர்ந்தே நடக்கலாம்.

முதல்ல அந்த 165 கணக்க சொல்லிடறேன். 1971 வரைக்கும் பெருசா விளம்பரம் பண்ணினது க்ராஸ் குதிரை. ஏர் க்ளீனர் இல்லாம, ஆல்டர்னேட்டர் இல்லாம, எக்ஸாஸ்ட்டுக்கு பெரிய ஹெட்டர் போட்டு ஸ்டாண்ட்ல வச்சு அளந்தது. 1972ல இருந்து நெட், அதாவது வண்டில எப்படி உக்காந்திருக்கோ அப்படியே எல்லாத்தையும் மாட்டி அளந்தது. கம்ப்ரெஷனும் கொறஞ்சது நெசம், குறைஞ்ச ஆக்டேன் பெட்ரோலுக்காக 1971லயே 8.5க்கு இறக்கிட்டாங்க. ஆனா அந்த 85ல பெரும்பங்கு அளக்கிற முறை மாறினதுதான், இன்ஜின் அவ்வளவு செத்துப்போகல.

இப்ப நீங்க பண்ண வேண்டியது. இன்ஜின ஆஃப் பண்ணி, ஏர் க்ளீனர கழட்டி, ஒருத்தர பெடல முழுசா மிதிக்க சொல்லி, கார்பரேட்டர் த்ராட்டில் முழுசா திறக்குதான்னு பாருங்க. பழைய வண்டில கேபிள் தொய்ஞ்சு, கார்பெட் தடிச்சு, பாதிதான் திறக்கறது ரொம்ப சகஜம். அப்புறம் டிஹெச்350க்கு கார்பரேட்டர்ல இருந்து ஒரு கிக்டவுன் கேபிள் போகும், அது மாட்டியிருக்கான்னு பாருங்க, அது இல்லன்னா ராம்ப்ல முழுசா மிதிச்சாலும் கியர் இறங்காது, மேல் கியர்லயே முக்கிக்கிட்டு போகும். கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கிற வேக்யூம் மாடுலேட்டருக்கு போற ரப்பர் பைப்பையும் பாத்துப்போடுங்க.

அடுத்து டைமிங் செயின். அந்தக் காலத்துல கேம் ஸ்ப்ராக்கெட் பல்லுக்கு நைலான் பூசி விட்டாங்க, சத்தம் கம்மியா இருக்கட்டும்னு. 50 வருஷத்துல அந்த நைலான் நொறுங்கி ஆயில் பேன்ல கிடக்கும், செயின் தொய்ஞ்சு போயிரும். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிய கழட்டிட்டு க்ரேங்க் போல்ட்ல பெரிய ராட்செட்ட மாட்டி கையால ஒரு பக்கம் திருப்பி, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்புங்க, ரோட்டர் அசைய ஆரம்பிக்கிறதுக்கு முன்ன க்ரேங்க் முன்னாடி இருக்கிற பேலன்சர் சக்கரம் எத்தனை டிகிரி சும்மா நகருதுன்னு பாருங்க. 8, 10 டிகிரிக்கு மேல போச்சுன்னா செயின மாத்தியே ஆகோணும். அதுல இன்ஜின் பலம் திரும்பி வர்றது மட்டும் இல்ல, ரோட்ல செயின் தாவி நின்னு போறதும் தப்பும்.

பேலன்சர்ல இருக்கிற டைமிங் கோட்டையும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க, வெளி வளையம் ரப்பர்ல ஒட்டியிருக்கு, அது வழுக்கி நகர்ந்திருக்கலாம். முதல் சிலிண்டர்ல பிஸ்டன் ஸ்டாப் வச்சு மேல் மையம் சரியான்னு பாத்துட்டு, வேக்யூம் அட்வான்ஸ் பைப்ப கழட்டி அடைச்சிட்டு, 3,000 ஆர்பிஎம் கிட்ட மொத்த டைமிங் 34ல இருந்து 36 டிகிரிக்கு வர்ற மாதிரி வைங்க, பிங்கிங் சத்தம் வந்தா கொஞ்சம் குறைச்சுக்கலாம். இத்தனையும் பண்ணிட்டு ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட். எட்டு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருந்தா அந்த இன்ஜின் மேல நம்பி காசு போடலாம், ஒண்ணு ரெண்டு படுத்திருந்தா இப்ப ஹெட் வாங்கறது வீண்.

---

ஸ்கார்பரோ_நாதன்:

வணக்கம் கதிர். ரெண்டு பேரும் சொன்னதில எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனா அதுக்கு முதல் ஒரு வேலை கிடக்கு. நீங்கள் மிச்சிகன், நான் ஒன்டாரியோ, ரெண்டு இடமும் குளிர்காலத்தில ரோட்டெல்லாம் உப்புத்தான். ஃப்ரேமைப் பாத்தாச்சோ? கராஜில நிண்ட கார் எண்டு சொல்லுறியள், கடைசி வருஷங்களில நிண்டிருக்கும், அதுக்கு முதல் பனிக்குள்ள ஓடியிருக்குமெல்லோ. புது பாகம் ஒண்டும் வாங்க முதல் காரை லிஃப்டில ஏத்துங்கோ. பின் சில்லுக்கு மேல ஃப்ரேம் வளைஞ்சு ஏறுற இடம், பின் கன்ட்ரோல் ஆர்ம் ஃப்ரேமோட சேருற இடம், பாடி மவுன்ட் இருக்கிற இடம், இந்த மூண்டையும் சின்னச் சுத்தியலால தட்டிப் பாருங்கோ. கணீரெண்டு கேட்டா நல்லம். மந்தமாக் கேட்டாலோ, பொருக்காக் கொட்டினாலோ, உங்கட 7,000 முதல் அதுக்குத்தான் போகவேணும். ஓட்டை விழுந்த ஃப்ரேமில என்ன நல்ல ஸ்ப்ரிங் போட்டும் பிரயோசனமில்லை.

பாடி மவுன்ட் ரப்பரையும் கட்டாயம் பாருங்கோ. இந்தக் கார் தனி ஃப்ரேம், அதுக்கு மேல பாடி ரப்பரில இருக்கு. அது நசிஞ்சு போனா கதவு சரியா மூடாது, ஸ்டியரிங் கொலம் பாடியோட சேந்து ஆடும், நீங்கள் அதை சஸ்பென்ஷன் பிழை எண்டு நினைப்பியள்.

இன்னொண்டு. டாஷுக்கு மேல கண்ணாடிக்குக் கீழ விஐஎன் எண்டு காரின்ர அடையாள நம்பர் இருக்கும். 1972இலதான் முதன்முதல் இன்ஜின் எழுத்தை அதில போட்டவங்கள். 1டி37 எண்டா மலிபு கூப், அடுத்தது ஹெச் எண்டா 350 டூ-பேரல், பிறகு வருஷத்துக்கு 2, அதுக்குப் பிறகு வாறது ஃபேக்டரி. அந்த இடத்தில 1 எண்டு இருந்தா உங்கட கார் எங்கட பக்கத்து ஒஷாவாவில செய்தது. இன்ஜின் பிளாக்கில முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழ அடிச்சிருக்கிற நம்பரையும் இதோட ஒத்துப் பாருங்கோ. ஒண்டெண்டா, நாளைக்கு இன்ஜின் மாத்தினாலும் அந்த பிளாக்கை வித்துப்போடாதேங்கோ, எண்ணெய் பூசி மூடி வையுங்கோ.

---

டெட்ராய்ட்_கதிர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. தெரிஞ்ச ஒருத்தரோட கராஜ்ல லிஃப்ட்ல ஏத்தி பாத்தோம். ஃப்ரேம் தட்டி பாத்ததுல எல்லா இடமும் நல்ல சத்தம், பின்னாடி ஒரு பாடி மவுன்ட் ரப்பர் மட்டும் நசுங்கியிருக்கு. விஐஎன் 1டி37ஹெச்2, அதுக்கு அடுத்து 1, அதனால நாதன் அண்ணா, இது உங்க ஊர் பக்கத்து வண்டிதான்! பிளாக் நம்பரும் ஒத்துப்போகுது.

செல்வி அக்கா சொன்ன மாதிரி ஸ்டியரிங் ஆட்டி பாத்தோம், ஐட்லர் ஆர்ம் நல்லா மேலயும் கீழயும் ஆடுது, ராக் ஜாயின்ட் கிழிஞ்சிருக்கு. லோயர் ஆர்ம் புஷ்ஷிங் வெடிச்சு ரப்பர் வெளிய பிதுங்கியிருக்கு. வலது முன் வீல் சிலிண்டர் கசிஞ்சு ஷூ நனைஞ்சிருக்கு. டயர் ரொம்ப பழசு.

அப்புறம் கொங்கு அண்ணா, த்ராட்டில் பாதிக்கு கொஞ்சம் மேலதான் திறந்துச்சு, கிக்டவுன் கேபிள் மாட்டாமலே தொங்கிட்டு இருந்துச்சு! வண்டிய எடுத்துக்கிட்டு ஃப்ரீவே போகல, பிரேக் நிலைமை தெரிஞ்சப்புறம் மனசு வரல, காலி பார்க்கிங் லாட்டுலயே வித்தியாசம் நல்லா தெரியுது. செயின் சும்மா நகர்றது 10 டிகிரிக்கு மேல இருக்கு, கம்ப்ரெஷன் எட்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கு.

இப்ப ரெண்டு கேள்வி. புஷ்ஷிங் ரப்பரா பாலியூரித்தேனா? டிரம்மையே சரி பண்ணிக்கலாமா, டிஸ்க் போடணுமா?

---

செல்வி_சேஸிஸ்:

ஃப்ரேம் நல்லா இருக்குன்னு கேட்டதும்தான் எனக்கு நிம்மதி. இனி காசு போடலாம்.

டிஸ்க் போடுங்க, முன்னாடி மட்டும் போதும். டிரம் நல்லா செட் பண்ணினா ஒரு தடவை நல்லாவே நிக்கும், ஆனா வேகத்துல இருந்து அடுத்தடுத்து ரெண்டு மூணு தடவை பிடிச்சா சூடேறி பிடிப்பு போயிடும், நனைஞ்சாலும் போயிடும். 1972லயே இந்த வண்டிக்கு 11 இன்ச் டிஸ்க் ஆப்ஷனா வந்தது, அந்த டிசைன்லயே கிட் இன்னிக்கும் எல்லா இடத்துலயும் கிடைக்குது. பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், காம்பினேஷன் வால்வு, ஹோஸ் எல்லாம் ஒரே செட்டா வாங்குங்க. டிரம் மாஸ்டர் சிலிண்டர வச்சுக்கிட்டு டிஸ்க் மட்டும் மாட்டினா பெடல் சரியா வராது. வீல் 15க்கு 7 எடுத்து 235/60 டயர் போட்டா டிஸ்க்குக்கும் இடம் இருக்கும், வண்டி தோற்றமும் கெடாது. இன்னும் நல்ல ரப்பர் வேணும்னா 17 இன்ச்ல தேர்வு அதிகம், அது உங்க கண்ணுக்கு பிடிச்சத பொறுத்தது.

புஷ்ஷிங் விஷயத்துல முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒரே பதில் கிடையாது. முன் ஆர்ம் ஒரே அச்சுல மேலயும் கீழயும் மட்டும்தான் சுத்துது, அங்க பாலி போட்டா துல்லியம் கூடும், கொஞ்சம் அதிர்வு கூட வரும். பின்னாடி நாலு லிங்க், மேல் ரெண்டும் சாய்வா இருக்கு, வண்டி ஒரு பக்கம் சாயறப்ப அந்த ஆர்ம் முறுக்கிக்கணும், ரப்பர்தான் அதுக்கு வளைஞ்சு கொடுக்கும். அங்க நாலு பக்கமும் கெட்டியா பாலி போட்டா ஆக்சில் பூட்டிக்கும், வளைவுல பின்பக்கம் சொல்லாம கொள்ளாம வழுக்கும். அதனால பின் மேல் ஆர்முக்கு ரப்பர்தான். உங்க உபயோகத்துக்கு முன்னாடியும் நல்ல ரப்பரே போதும்னு நான் சொல்வேன்.

இப்பதான் உண்மையான அப்கிரேட் பேச்சு வருது. இந்த ஏ-பாடி (ஜிஎம்மோட இந்த சைஸ் வண்டி குடும்பம்) வண்டியோட பிறவிக் குறை முன் ஸ்பிண்டில் (வீல தாங்கற துண்டு) குட்டையா இருக்கிறது. வண்டி வளைவுல சாஞ்சு முன் சஸ்பென்ஷன் அமுங்கினா வீலோட மேல் பாகம் உள்பக்கம் சாயணும், இதுல வெளிப்பக்கம் சாயுது, டயரோட ஓரத்துலதான் வண்டி நிக்கும், அதனாலதான் மூக்கு நேரா போகப் பாக்குது. எப்படியும் பால் ஜாயின்ட் மாத்தப் போறீங்க, மேல் பால் ஜாயின்ட்ட மட்டும் அரை இன்ச் உயரமானதா வாங்குங்க, அந்த சாய்வு நல்ல பக்கத்துக்கு திரும்பும். இவ்ளோ கம்மி காசுல இவ்ளோ பெரிய மாற்றம் இந்த வண்டில வேற எதுலயும் இல்ல. அப்புறம் முன்னாடி ஒண்ணேகால் இன்ச் ஸ்வே பார் (வளைவுல வண்டி சாயறத குறைக்கிற கம்பி), நாலு நல்ல மோனோட்யூப் ஷாக். ஸ்ப்ரிங் உயரம் சரியா இருந்தா இப்ப தொடாதீங்க. பின் ஸ்வே பார் வேணும்னா அது லோயர் ஆர்ம்ல போல்ட் ஆகுது, சாதா ஆர்ம் அடிப்பக்கம் திறந்த தகடு, அதுல மாட்டினா முறுக்கிடும், பாக்ஸ் பண்ணின ஆர்ம் வாங்கணும்.

டயர், வீல், பிரேக், ஸ்டியரிங் லிங்கேஜ், புஷ்ஷிங், பால் ஜாயின்ட், ஷாக், முன் பார், இதுதான் லிஸ்ட். வேலைய நீங்களே பண்ணினா பாதி பட்ஜெட்ட தாண்டும், ஆனா கையில கணிசமா மிஞ்சும். மிஞ்சினத கொங்கு கிட்ட குடுங்க.

---

மதுரை_வி8:

கதிர் அண்ணே, நான் இடையில ஒண்ணு சொல்லிக்கிறேன். யாராவது வந்து இதெல்லாம் எதுக்கு, பழைய ட்ரக்ல இருந்து 5.3 லிட்டர் எல்எம்7 வி8 இன்ஜின தூக்கி மாட்டு, 285 குதிரைக்கு மேல நெட்டாவே வரும், மைலேஜும் கிடைக்கும்னு சொல்வாங்கெ. சொல்றது பொய் இல்ல, அருமையான இன்ஜின். ஆனா இன்ஜின் விலை மட்டும் பாத்து கணக்கு போடாதீக. மவுன்ட் அடாப்டர், வேற ஆயில் பேன், ஹெட்டர், வயரிங், கம்ப்யூட்டர், இன்ஜெக்ஷனுக்கு ஃப்யூவல் பம்ப், டேங்க், அப்புறம் கியர்பாக்ஸ்னு அங்கிட்டும் இங்கிட்டும் போயி உங்க பட்ஜெட் பூராத்தையும் அதுவே தின்னுரும், பிரேக்குக்கு ஒத்த டாலர் மிஞ்சாது. நம்பர் ஒத்துப்போற பிளாக் வேற இருக்கு. நானா இருந்தா அந்த 350ஐ வச்சே ஓட்டுவேன்.

---

கொங்கு_கார்பரேட்டர்:

கிக்டவுன் கேபிள் விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷமுங்க. செயின உடனே மாத்திப்போடுங்க, முழு இரும்பு டபுள் ரோலர் செட், ஆயில் பேனையும் இறக்கி நைலான் துண்டு கிடந்தா வழிச்சு எடுத்துடுங்க, இல்லன்னா ஆயில் பம்ப் வலையில போய் அடைக்கும்.

மிஞ்சின காசுல முதல் செலவு இன்ஜின்ல இல்ல, பின் ஆக்சில்ல. உங்க வண்டில 2.73 கியர் (வீல் ஒரு சுத்து சுத்த ட்ரைவ் ஷாஃப்ட் 2.73 சுத்து) இருக்க வாய்ப்பு அதிகம், வீல திருப்பி ஷாஃப்ட் எத்தனை சுத்து வருதுன்னு எண்ணி பாத்துக்கோங்க. 3.42 போட்டா ஒவ்வொரு கியர்லயும் சக்கரத்துக்கு போற இழுவை கால் பங்கு கூடும், 165 குதிரையே வேற வண்டி மாதிரி இருக்கும். 1971, 72ல வந்த 8.5 இன்ச் 10-போல்ட் ஆக்சில் பலமானது, வேற ஆக்சில் தேட வேண்டாம். ஒரே குறை, 235/60-15 டயர்ல 70 மைல் வேகத்துல 2,460 ஆர்பிஎம் ஓடினது 3,080க்கு போயிரும். அது உறுத்துச்சுன்னா அடுத்த வருஷம் 200-4ஆர் கியர்பாக்ஸ், நீளம் டிஹெச்350 அளவேதான், ட்ரைவ் ஷாஃப்ட் வெட்ட வேண்டாம், ஓவர்ட்ரைவ் (இன்ஜின் சுத்த குறைக்கிற மேல் கியர்) 0.67, அதே 70ல 2,070க்கு இறங்கிரும். ஆனா அதோட டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள கார்பரேட்டர்ல சரியான கோணத்துல மாட்டலேன்னா கிளட்ச் எரிஞ்சு போயிரும், அத தெரிஞ்சவங்க கிட்ட குடுங்க.

அதுக்கப்புறம் டூயல் எக்ஸாஸ்ட், டூயல் ப்ளேன் இன்டேக், 600 சிஎஃப்எம் ஃபோர்-பேரல். ஹெட் மாத்தற ஆசை இருந்தா 1996ல இருந்து 2000 வரைக்கும் ட்ரக்ல வந்த வோர்டெக் ஹெட்ட பாருங்க, அறை 64 சிசி, உங்களது 76 கிட்ட, கம்ப்ரெஷன் ஒரு பாயிண்ட் கிட்ட ஏறும், ஓட்டமும் நல்லது. அதுக்கு தனி இன்டேக்தான் உக்காரும், அதனால இன்டேக்க இப்பவே வாங்கறதா இருந்தா ஹெட் முடிவு பண்ணிட்டு வாங்குங்க. கேம் கடைசி. ப்ளாட் டேப்பெட் கேம் போட்டா ஜிங்க் உள்ள ஆயில், முதல் ஸ்டார்ட்ல 20, 30 நிமிஷம் 2,000க்கு மேல, ஐட்ல்ல விடவே கூடாது.

---

டெட்ராய்ட்_கதிர்:

பிரேக் கிட், வீல், டயர், லிங்கேஜ், புஷ்ஷிங், உயரமான மேல் பால் ஜாயின்ட் எல்லாம் ஆர்டர் போட்டுட்டேன், செயின் செட்டும். ரெண்டு வாரத்துல வேலைய ஆரம்பிக்கிறேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

---

ஸ்கார்பரோ_நாதன்:

முன் ஸ்ப்ரிங்கை கழட்டேக்க கவனமா இருங்கோ. சரியான ஸ்ப்ரிங் கம்ப்ரெசர் வாடகைக்கு எடுங்கோ, ஸ்ப்ரிங்கை சங்கிலியால ஃப்ரேமோட கட்டிப்போட்டுத்தான் லோயர் ஆர்மை இறக்கவேணும், அதுக்கு நேர முன்னால நிக்கவேண்டாம். தனிய செய்யாதேங்கோ.

---

செல்வி_சேஸிஸ்:

நாதன் அண்ணா சொன்னது ரொம்ப முக்கியம். இன்னொண்ணு, ரப்பர் புஷ்ஷிங் போல்ட்ட வீல் தொங்கிட்டு இருக்கிறப்ப இறுக்காதீங்க. வண்டிய தரைல இறக்கி, முழு வெயிட்டும் வீல்ல உக்காந்தப்புறம்தான் கடைசி டார்க். தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரமே கிழிஞ்சிடும், வண்டி உயரமும் ஏறி நிக்கும்.

அலைன்மென்ட் கடைக்கு போறப்ப கம்ப்யூட்டர்ல இருக்கிற 1972 அளவ போட விடாதீங்க, அது பயஸ்-ப்ளைங்கற பழைய வகை டயர் காலத்து கணக்கு, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்னாடியோ பின்னாடியோ சாயற கோணம்) கிட்டத்தட்ட பூஜ்யம்தான். பேப்பர்ல எழுதி கையில குடுங்க: கேம்பர் (வீலோட மேல் பாகம் சாயற கோணம்) மைனஸ் அரை டிகிரி, காஸ்டர் ப்ளஸ் 3, ஸ்டாக் ஆர்ம்ல ஷிம் வச்சு எவ்ளோ வருதோ அவ்ளோ, ரெண்டு பக்கமும் சமமா, டோ இன் பதினாறில் ஒரு இன்ச். 60ல மிதக்கிறது அங்கயே நின்னுடும். ஓட்டி பாத்துட்டு எழுதுங்க, அதுக்கப்புறம் பார், கியர் பத்தி பேசலாம்.